பதினாறு வயதுக்குப் பின்: ஊவாத் தோட்டங்களில் கத்தோலிக்க இளையோர் மன்றம்

ஊவாத் தோட்டங்களில் பிள்ளைகள் பதினாறு, பதினேழு வயதில் ஊரை விட்டுப் போகிறார்கள். சாதாரணதரப் பரீட்சை முடிந்த கையோடு ஒருவன் கொழும்பில் புடைவைக் கடைக்கோ ஹோட்டலுக்கோ போகிறான். ஒருத்தி கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலைக்கோ, முகம் தெரியாத ஒரு வீட்டுக்கோ வேலைக்குப் போகிறாள். நமது பங்குகளில் இருக்கும் இளையோர் மன்றமோ, பிள்ளை ஊரிலேயே இருக்கும், ஞாயிறுதோறும் பூசைக்கு வரும், திருவிழாவுக்குத் தோரணம் கட்டும் என்று நம்பி அமைக்கப்பட்டது. மன்றம் ஏன் இரண்டு வருடத்துக்கு மேல் நிலைப்பதில்லை என்று கேட்டால், போன் கெடுத்துவிட்டது என்பார்கள், பக்தி குறைந்துவிட்டது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குறை பிள்ளைகளிடம் இல்லை, மன்றத்தின் அமைப்பில் இருக்கிறது. நகரத்துப் பங்குக்கு வெட்டித் தைத்த சட்டையைத் தோட்டத்துப் பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கிறோம்.

பதுளை மறைமாவட்டம் 1972 டிசம்பர் 18ஆம் திகதி கண்டியிலிருந்து பிரிக்கப்பட்டது. ஊவா மாகாணத்தின் பதுளை, மொனராகலை என்ற இரண்டு மாவட்டங்களே அதன் எல்லை, ஏறத்தாழ 8,500 சதுர கிலோமீட்டர். இலங்கை முழுவதையும் எடுத்தால் நூற்றுக்கு ஆறு பேர் கத்தோலிக்கர். இங்கே நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நீர்கொழும்பில் ஒரு பங்கு என்றால் மணிச்சத்தம் கேட்கும் தூரத்துக்குள் ஆயிரம் குடும்பம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடைப் பக்கங்களில் பங்கு என்றால் நகரத்தில் ஒரு கோயில், மலைகளில் சிதறிக் கிடக்கும் சிற்றாலயங்கள். ஒரு தோட்டத்தில் பத்துக் குடும்பம், அடுத்ததில் முப்பது, அதற்கடுத்ததில் நான்கு. பங்குத்தந்தை ஒருவர்தான். அவர் மாதத்தில் ஒரு தடவை ஒரு தோட்டத்துக்கு வந்து போனாலே பெரிய காரியம்.

மன்றக் கூட்டம் நகரக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து ஒன்பதரை மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கும் பிள்ளை, தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து பாதைக்கு இறங்க முக்கால் மணிநேரம் நடக்க வேண்டும். அதன்பிறகு பஸ், பஸ் இல்லையென்றால் ஓட்டோ. போக வர ஆகும் காசு அந்த வீட்டுக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு. தாய் அன்றைக்குக் கைக்காசு வேலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தால் மூத்த பெண்பிள்ளைதான் வீட்டைப் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம் டியூஷன். ஞாயிறு காலை வகுப்புகளை நிறுத்தி சமயக் கல்விக்கு இடம்விடச் சொல்லிப் பௌத்தத் துறவிகளும் கத்தோலிக்க ஆயர்களும் பலமுறை கேட்டிருக்கிறார்கள். ஆனால் தோட்டப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தமிழ்மொழி ஆசிரியர் போதாத நிலையில், அந்த வகுப்பை விட்டுவிட்டு மன்றத்துக்கு வா என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வராது. நேரத்தையும் இடத்தையும் மாற்ற வேண்டியவர்கள் மன்றத்தை நடத்துபவர்கள்தான்.

ஊவாவிலேயே கிடைத்த பாடம்

இளையோரை அவர்கள் வாழும் இடத்தில் சந்திக்க வேண்டும் என்பது புதிய கருத்து இல்லை. பெல்ஜியத்தில் யோசேப் கார்டைன் என்ற குருவானவர், தம்மோடு படித்த தொழிலாளர் வீட்டுப் பையன்கள் ஆலைக்குப் போனதும் கோயிலை விட்டு விலகியதைக் கண்டு மனம் நொந்தவர். 1925இல் அவர் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நாடளாவிய அமைப்பாக நிறுவினார். பார், தீர்மானி, செயற்படு என்ற அவருடைய மூன்று படிகளைத் திருத்தந்தை 23ஆம் யோவான் 1961இல் தமது சமூகச் சுற்றுமடலில் ஏற்றுக்கொண்டார். ஆலைக்குப் போகும் பதினாறு வயதுப் பையன்தான் கார்டைனின் கவலை. நமது பிரச்சினையும் அச்சொட்டாக அதுவே. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இளைஞருக்கு முதல் தூதர்கள் இளைஞரே என்று பொதுநிலையினர் பற்றிய ஆணையில் வலியுறுத்தியது.

இந்தச் சிந்தனை ஊவாவுக்கு ஆயர் லியோ நாணயக்காரவோடு வந்தது. பெனடிக்ற் சபைத் துறவியான அவர் 1959 முதல் கண்டியின் ஆயர். மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோது கல்லூரிகளும் வசதியும் நிறைந்த கண்டியை விட்டுவிட்டு, ஒன்றுமில்லாத பதுளைக்குத் தாமே விரும்பி வந்தார். பண்டாரவளையில் அவர் தொடங்கிய சேவக செவன, குருமாணவர்களை மதில்களுக்குள் அடைக்காமல் மக்கள் நடுவே வாழவைத்துப் பயிற்றிய நிலையம். 1982இல் அவர் இறந்தார். அந்த நிலையமும் காலப்போக்கில் நின்றுபோயிற்று. இலங்கைத் திருச்சபை இழந்தவற்றுள் நான் பெரிதாக மதிப்பது அதைத்தான்.

சேவக செவனவில் பணியாற்றிய அமலமரித் தியாகிகள் சபை அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ, 1980இல் புத்தளைக்குப் பக்கத்தில் உள்ள அலுகல்வித்த கிராமத்தில் ஒரு சிறிய வீட்டில் குடியேறினார். சுற்றிலும் பௌத்த விவசாயக் குடும்பங்கள், கத்தோலிக்கர் என்று சொல்ல ஆளில்லை. யாரையும் மதம் மாற்ற அவர் நினைக்கவில்லை. கிராமத்து இளைஞரோடு உட்கார்ந்து அவர்களுடைய நிலம், கடன், மருந்து, படிப்பு பற்றிப் பேசினார். பிக்குமாரோடு சேர்ந்து வேலை செய்தார். நாடு இளைஞர் கிளர்ச்சியிலும் அதை அடக்கும் வன்முறையிலும் எரிந்துகொண்டிருந்த 1987 நவம்பர் 10ஆம் திகதி, அந்த வீட்டில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ஊவா மண்ணில் இளையோர் பணிக்குக் கொடுக்கப்பட்ட விலை அது. இன்று மன்றத்தில் சேரும் எத்தனை பிள்ளைகளுக்கு அவருடைய பெயர் தெரியும்? மறைக்கல்வி வகுப்பில் அசிசியாரையும் தொன்போஸ்கோவையும் சொல்லிக்கொடுக்கிறோம், நல்லது. புத்தளை பதுளையிலிருந்து ஒரு பஸ் பயணம். அங்கே ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமே.

2018 அக்டோபரில் உரோமையில் இளையோர் பற்றிய ஆயர் மாமன்றம் கூடியது. அதன்பிறகு 2019 மார்ச் 25இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய மடலில், நிபந்தனைகள் அடுக்காத, எல்லோருக்கும் கதவு திறந்த, சாதாரண மக்களின் இளையோர் பணி பற்றிய ஒரு பகுதி இருக்கிறது. பதவிக்கும் படிப்புக்கும் முன்னுரிமை தராமல், அக்கம்பக்கத்தில் இயல்பாகவே தலைமை ஏற்கும் பிள்ளைகளை நம்பச் சொல்கிறார். நமது மலைகளுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும் பகுதி அது. மடல் வெளிவந்து நான்கு வாரம் ஆகுமுன் ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்தன. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். நாடெங்கும் கோயில் கூட்டங்கள் நின்றன, பிறகு பெருந்தொற்று வந்தது. அந்த இரண்டு வருட இடைவெளியில் பல இடங்களில் மன்றம் என்ற பழக்கமே விட்டுப்போயிற்று.

பதினான்கும் இருபத்தேழும் ஒரே வாங்கில்

மன்றத்தின் உள்ளமைப்பிலும் ஒரு பழுது இருக்கிறது. உரோமை மாமன்றம் இளையோர் என்று கணக்கில் எடுத்தது 16 முதல் 29 வயது வரை. இலங்கையின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வரை என்கிறது. நமது பங்கு மன்றத்திலோ உறுதிப்பூசுதல் பெற்ற கையோடு வந்த பதினான்கு வயதுப் பிள்ளையும், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் இருபத்தேழு வயது அண்ணனும் ஒரே வாங்கில் உட்காருகிறார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அண்ணன்மார். தம்பி தங்கைகளுக்குக் கதிரை தூக்கும் வேலை. கேட்கவேண்டியதைக் கேட்க அவர்களுக்கு வாய் வராது. உறுதிப்பூசுதலுக்குப் பிறகு பிள்ளைகள் கோயில் பக்கம் வருவதில்லை என்ற பழைய முறைப்பாட்டுக்குப் பாதி விடை இதில் இருக்கிறது. பதின்ம வயதினருக்கு, அதாவது பதின்மூன்று முதல் பதினெட்டு வரை, தனிக்குழு வேண்டும். அண்ணன்மார் வழிகாட்டிகளாக வரலாம். அவர்களையும் பங்கு முதலில் விசாரித்து, பயிற்சி கொடுத்து, பொறுப்பான பெண் ஒருவரையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்பில் முகத்தாட்சண்யம் கூடாது.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மாலை நாலு மணிக்கு மேல் ஒரு பெண்பிள்ளை தனியாகத் தேயிலை மலைக்குள் நடந்து வருவதைப் பெற்றோர் விரும்புவதில்லை. சாராயமும் கசிப்பும் ஓடும் லயங்களில் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தினாலேயே அவள் மன்றத்திலிருந்து விலக்கப்படுகிறாள். பாடகர் குழாமில் அவள் குரல் வேண்டும், ஒளிவிழா நாடகத்துக்கு அவள் வேண்டும், கூட்டத்தில் முடிவெடுக்கும்போது அவள் இல்லை. தோட்டத்திலேயே, சிற்றாலயத்திலோ பிள்ளைமடுவத்திலோ, பகல் வெளிச்சத்தில் கூடினால் இந்தத் தடையின் பெரும்பகுதி தானாக விலகும்.

சாதியும் உண்டு. பேசாமல் விட்டால் இல்லை என்று ஆகிவிடாது. தப்பு மேளம் அடிப்பதைச் சாதியோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் மலையகத்தில் இன்னும் அழியவில்லை. கிற்றாரும் கீபோர்ட்டும் நுழைந்த ஆலயத்துக்குள் தப்பை மட்டும் வெளியில் நிறுத்துவது நற்செய்திக்கு ஒவ்வாத காரியம். பெரியவர்கள் தயங்கினாலும் பதினைந்து வயதுப் பிள்ளைகளால் இதைச் செய்யமுடியும். அவர்களிடம் விட்டால் போதும்.

யாரோடு கூடுவது

தோட்டத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும் என்று ஒரு குழு நடத்துவது நடைமுறையில் செயற்கையானது. பதுளை மாவட்டத்து மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். ஒரே லயத்தில் ஒரு காம்பிராவில் மாதா படம், அடுத்த காம்பிராவில் மாரியம்மன். மாமன் மகன் சைவம், சித்தப்பா மகள் கத்தோலிக்கம். அந்தோனியார் சப்பரத்துக்குத் தோள் கொடுப்பவனும் அம்மன் தேருக்கு வடம் பிடிப்பவனும் ஒரே பையன்தான். தொழிலாளர்களாக வந்த முப்பாட்டன்மாரின் காலந்தொட்டு இருக்கும் இந்த உறவை மன்றத்தின் பெயரால் வெட்டக்கூடாது. செபமும் மறைக்கல்வியும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு. படிப்பு உதவி, விளையாட்டு, தோட்டத்து வேலைகள் எல்லாப் பிள்ளைகளுக்கும். ரொட்ரிகோ செய்ததும் இதைத்தான்.

பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள் என்று பல பங்குகளில் மனத்தாங்கல் இருக்கிறது. வசைபாடுவதை விட்டுவிட்டு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. போதகர் வாராவாரம் லயத்துக்கே வருகிறார். பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியும். அப்பா குடித்துவிட்டு அடித்த இரவில் அந்தப் பிள்ளை யாரிடம் போய் அழுததோ அந்த ஆளிடம்தான் அது ஞாயிற்றுக்கிழமையும் போகும்.

இனி மொழி. நகரக் கோயில்களில் சிங்களமும் தமிழும் மாறி மாறி ஒலிக்கின்றன, நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மன்றமும் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. இருமொழிக் கூட்டம் நடத்துவது கடினம் என்பது உண்மை. பாதி நேரம் மொழிபெயர்ப்பில் போகும், சிங்களம் சரளமாக வராத தோட்டத்துப் பிள்ளை மூலையில் ஒதுங்கிவிடும். ஆனாலும் ஊவாவில் இதைத் தட்டிக்கழிக்க நமக்கு உரிமை இல்லை. 2000 அக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்குப் பக்கத்தில், பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருந்த இருபத்தைந்துக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர்களையும் சிறுவர்களையும் ஒரு கும்பல் வெட்டியும் எரித்தும் கொன்றது. தாக்க வந்தவர்களிலும் இளவயதினர் பலர். 1977, 1981, 1983 வன்செயல்களில் தோட்ட மக்கள் பட்டதைச் சொல்லும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். ஒரே நற்கருணையை வாங்கும் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒருவர் வீட்டில் ஒருவர் தேநீர் குடித்ததில்லை என்றால் அந்தப் பங்கு தன் வேலையைச் செய்யவில்லை. மாதத்துக்கு ஒருமுறை வேண்டாம், வருடத்தில் இரண்டு தடவை போதும்: சிங்களக் குழு தோட்டத்துக்கு வரட்டும், லயத்தில் சாப்பிடட்டும். தோட்டத்துப் பிள்ளைகள் எப்போதும் நகரத்துக்குப் போகும் வழக்கம் மாறட்டும்.

மழையை அளக்கும் மன்றம்

கார்டைனின் மூன்று படிகளை ஊவாவில் எதில் பொருத்துவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் மண்சரிவு. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்த சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. எஞ்சியவர்கள் ஏறத்தாழ இரண்டு வருடம் தேயிலைத் தொழிற்சாலை முகாமில் காத்திருந்த பிறகே புதிய வீடுகளுக்குப் போனார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியிருக்க வேறு வீடு இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மிக மோசமாக அடிவாங்கிய மாவட்டங்களில் பதுளையும் ஒன்று.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணிநேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை விழுந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐ எட்டினால் அபாயம் நெருங்குகிறது. 150ஐ எட்டினால் வெளியேற வேண்டும். இதை அளக்க ஒரு சாதாரண மழைமானி போதும். ஒரு தோட்டத்துப் பதின்ம வயதுக் குழு தினமும் காலையில் மழையை அளந்து எழுதி, லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா, ஊற்றுநீர் கலங்கி வருகிறதா என்று பார்த்து வைத்தால் அது பார்த்தல். அளவு கூடும் இரவில் யார் வீட்டு ஆச்சியை யார் தூக்கிக்கொண்டு எந்த இடத்துக்குப் போவது என்று முன்கூட்டியே பேசி முடிவெடுத்தால் அது தீர்மானித்தல். தோட்டத் துரையிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் அந்தக் கொப்பியோடு போய் நின்றால் அது செயற்படுதல். திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மழையை அளந்த பிள்ளை தன் தோட்டத்தைத் தன்னுடையதாக உணரும், பெரியவர்களும் அந்தப் பிள்ளையின் பேச்சைக் கேட்பார்கள். படிப்பறை, நூலகம், குடிநீர்க் குழாய் என்று இந்த வேலையை எத்தனையோ திசைக்கு நீட்டலாம்.

போனவர்களைத் தொடர்வது

ஊரை விட்டுப் போன பிள்ளைகளைத் தொடர்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய பணி, இன்றைய மன்றங்களில் ஏறக்குறைய யாரும் கைவைக்காததும் இதுதான். 2016இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆக்கப்பட்டது. 2021இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 16 ஆக உயர்ந்தது. அதே 2021 ஜூலையில், நுவரெலியா மாவட்டம் டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போன சிறுமி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். அவளுக்கு வயது 16. மலையகம் முழுவதும் கொதித்தது, ஊர்வலங்கள் நடந்தன. அதற்குப் பிறகும் தரகர்கள் தோட்டத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தரகருக்குத் தெரிகிறது எந்த வீட்டில் பரீட்சையில் தவறிய பிள்ளை இருக்கிறது, எந்த வீட்டில் கடன் இருக்கிறது என்று. மன்றத்துக்கு அது தெரியவேண்டாமா?

கத்தோலிக்கத் திருச்சபைக்கு இதில் யாருக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. பிள்ளை போகும் கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் நீர்கொழும்பிலும் பங்கு இருக்கிறது, தமிழில் பூசை இருக்கிறது, அங்கேயும் ஒரு இளையோர் மன்றம் இருக்கிறது. ஒரு பிள்ளை திருமணம் செய்யும்போது ஞானஸ்நானச் சான்று பங்குக்குப் பங்கு போகிறது. அதே பிள்ளை பதினேழு வயதில் தனியாக பஸ் ஏறும்போது ஒரு வரி தகவல்கூடப் போவதில்லை. திருமணத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியை இந்தப் பயணத்துக்குக் காட்டினால் எத்தனையோ பிள்ளைகள் தப்பும்.

ஊவாவின் பங்குத்தந்தையருக்கும், அருட்சகோதரிகளுக்கும், பங்குச் சபையினருக்கும் என் வேண்டுகோள் இது. இந்த வருடம் சாதாரணதரப் பரீட்சை முடிகிற வாரத்திலேயே உங்கள் பங்கின் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒருவரை அனுப்புங்கள். எந்தப் பிள்ளை படிக்கிறது, எது வேலைக்குப் போகிறது, எங்கே, யார் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பதினாறு நிறையாத பிள்ளையை அனுப்ப விடாதீர்கள். போகும் பிள்ளையின் கையில் அங்குள்ள பங்கின் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். அங்குள்ள பங்குத்தந்தைக்கு நீங்களே அழைத்துப் பெயரைச் சொல்லுங்கள். கொழும்பு, நீர்கொழும்புப் பங்குகளில் இருக்கும் வாசகர்களே, அந்த அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவில் ஒரு கடையில், ஒரு வீட்டில், மலையகத்துப் பிள்ளை ஒன்று வேலை செய்துகொண்டிருக்கும். அடுத்த ஞாயிறு அதைக் கோயிலுக்குக் கூட்டிப்போக விடுங்கள் என்று முதலாளியிடம் போய்க் கேளுங்கள்.